எரிபொருள் தீரும் நேரம்

போர் விமானியின் கதையை எல்லோரும் வானத்தில் வைத்துத்தான் சொல்கிறார்கள். நான் தரையில் நின்றவள். சோவியத் விமானப்படையின் 586-ம் போர் விமான ரெஜிமென்ட்டில் மெக்கானிக். விமானத்தை ஓட்டியவர்கள், பழுது பார்த்தவர்கள், துப்பாக்கியில் குண்டுப் பட்டை கோத்தவர்கள் என்று ஆரம்பத்தில் அந்த ரெஜிமென்ட்டில் எல்லோரும் பெண்களே. என் விமானி மேலே போன பிறகு எனக்கு மிஞ்சியது வெறும் வானமும் ஒரு கணக்கும்.

கணக்கு இதுதான். யாக்-1 விமானத்தின் டாங்கிகள் நிறைந்திருந்தால், சிக்கனமாகப் பறப்பவளுக்கு ஒன்றரை மணி நேரம் போல வரும். சண்டையில் சிக்கி எஞ்சினை முழு விசையில் ஓட்டினால் ஒரு மணி நேரமே பெரிது. கடிகாரம் இல்லாத மெக்கானிக்குக்கும் அது உடம்பில் தெரியும். அந்த நேரம் கடந்துவிட்டால் விமானம் இனி வானத்தில் இருக்க முடியாது. எங்கோ தரையில் இருக்கிறது. எங்கே, எந்த நிலையில் என்ற கேள்விக்குச் சிலருக்கு அன்று மாலையே பதில் வந்தது. சிலருக்கு நாற்பது வருடம் கழித்து வந்தது. சிலருக்கு வரவே இல்லை. அவர்களுக்காகத்தான் எழுபது வயதுக்கு மேல் இதை எழுதுகிறேன்.

முப்பதுகளில் வளர்ந்த எங்களுக்கு ஏரோ கிளப் என்றால் பித்து. ஒசோவியாகிம் சங்கம் நடத்திய அந்தக் கிளப்புகளில், பகலில் ஆலையில் வேலை செய்த பெண்கள் மாலையில் யூ-2 விமானம் ஓட்டக் கற்றார்கள். 1938 செப்டம்பரில் மூன்று பெண்கள் ‘ரோதினா’ என்ற விமானத்தில் மாஸ்கோவிலிருந்து தூரக் கிழக்கு வரை இடையில் இறங்காமல் பறந்தார்கள். கிரிசதூபோவா, ஒசிபென்கோ, வழிகாட்டியாக மரீனா ரஸ்கோவா. இருபத்தாறு மணி நேரத்துக்கும் மேல் பறந்து, இறங்க இடம் கிடைக்காமல், எரிபொருளும் தீர்ந்துபோய்ச் சதுப்பில் இறங்கியது அந்த விமானம். மூக்குப் பகுதியில் உட்கார்ந்திருந்த ரஸ்கோவா அந்த மோதலில் நசுங்கிவிடக் கூடாது என்று முன்பே பாராசூட்டில் குதிக்க வேண்டியிருந்தது. பத்து நாள் தைகா காட்டில் தனியாக அலைந்து விமானத்தைத் தேடி வந்து சேர்ந்தார். அந்தப் பத்து நாளும் நாடே வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. காணாமல் போன பெண் ஒருத்தி திரும்பி வருவாள் என்பதை நான் அப்போதுதான் நம்பத் தொடங்கினேன். அந்த நம்பிக்கை பிற்பாடு எனக்கு நல்லதும் செய்தது, கெடுதலும் செய்தது.

ஜெர்மனியோடு போர் வந்ததும் பறக்கத் தெரிந்த பெண்கள் முன்னணிக்கு அனுப்பச் சொல்லி மனு மேல் மனு எழுதினார்கள். பலர் ரஸ்கோவாவுக்கே எழுதினார்கள். 1941 அக்டோபர் 8-ம் தேதி ஆணை வந்தது: பெண்களுக்கென்று மூன்று ரெஜிமென்ட்டுகள். 586 போர் விமானங்களுக்கு, 587 பகல் குண்டுவீச்சுக்கு, 588 இரவுக் குண்டுவீச்சுக்கு. அடுத்த வாரம் 16-ம் தேதி, ஜெர்மானியர்கள் நெருங்கிவிட்டார்கள் என்ற பீதியில் மாஸ்கோ கலைந்தது. அலுவலகங்களில் காகிதங்களைக் கொளுத்தினார்கள். கரித்தூள் தெருவெல்லாம் பறந்தது. மெட்ரோ ஓடவில்லை. மூட்டை கட்டியவர்கள் கிழக்கே போகும் சாலைகளை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். மறுநாள் நாங்களும் சரக்கு ரயிலில் கிழக்கேதான் கிளம்பினோம். ஓடிப்போகிறோம் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. சண்டை போடக் கற்றுக்கொள்ளத்தான் போகிறோம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

போய்ச் சேர்ந்த ஊர் எங்கெல்ஸ். வோல்கா ஆற்றின் இக்கரை. அக்கரையில் சராத்தவ். விமானப் பயிற்சிப் பள்ளி அங்கே இருந்தது. அந்த ஊரைப் பற்றி எங்கள் நினைவு நூல்களில் யாரும் எழுதாத ஒன்றை எழுதிவிடுகிறேன். எங்கெல்ஸ் வோல்கா ஜெர்மானியரின் தன்னாட்சிக் குடியரசுக்குத் தலைநகராக இருந்த ஊர். இரண்டு நூற்றாண்டுக்கு முன்பு வந்து குடியேறிய உழவர்களின் வம்சம் அவர்கள். நாங்கள் போவதற்கு முந்தைய மாதம்தான் அவர்களை லட்சக்கணக்கில் ரயிலேற்றிச் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் அனுப்பியிருந்தார்கள். பகைவனின் மொழியைப் பேசினார்கள் என்பதைத் தவிர வேறு குற்றம் இல்லை. நாங்கள் நடந்துபோன தெருக்களில் ஜன்னல் அடைத்த வீடுகள் இருந்தன. தோட்டத்தில் பறிக்காத முட்டைக்கோஸ் பனியில் வெந்து கிடந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் ஒரு ஊரையே காலி செய்துவிடலாம் என்பதை அந்த வயதில் இயல்பான காரியமாக எடுத்துக்கொண்டோம்.

எங்களுக்குக் கொடுத்த உடுப்பு எல்லாம் ஆண்களுக்குத் தைத்தது, உள்ளாடை உட்பட. பூட்ஸுக்குள் கால்துணியைச் சுற்றி, அதற்கு மேல் செய்தித்தாளைத் திணித்தாலும் கால் உள்ளே நீந்தும். தலைமுடியை ஆண்பிள்ளைபோல் வெட்டச் சொன்னார் ரஸ்கோவா. இடுப்பு வரை பின்னல் தொங்கவிட்டிருந்த பெண்கள் அழுதுகொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மாஸ்கோக்காரி லீல்யா, அதாவது லிடியா லித்வியாக், தனக்குக் கொடுத்த ரோம பூட்ஸின் மேல்பகுதியை வெட்டிப் பறக்கும் உடுப்புக்குக் காலர் தைத்துக்கொண்டு அணிவகுப்புக்கு வந்தாள். சின்ன உருவம், சாம்பல் நிறக் கண், வயது இருபது. ரஸ்கோவா எல்லோர் முன்னிலையிலும் கண்டித்து, ராத்திரியோடு ராத்திரியாகக் காலரைப் பிரித்துப் பூட்ஸிலேயே திரும்பத் தைக்கச் சொன்னார். தைத்தாள். அவள் முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. அவளுடைய அப்பா 1937-ல் கைதாகி வீடு திரும்பாதவர் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் யாரும் சொல்லமாட்டார்கள்.

1942 தொடக்கத்தில் யாக்-1 விமானங்கள் வந்தன. இறக்கை மரம், உடம்பின் பின்பாதி இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. ப்ரொப்பெல்லரின் நடு அச்சு வழியாகச் சுடும் 20 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று, எஞ்சினுக்கு மேலே இயந்திரத் துப்பாக்கி இரண்டு. பல விமானங்களில் பேசுவதற்கு ரேடியோ கிடையாது. ‘என் பின்னால் வா’ என்பதைச் சொல்ல இறக்கையை ஆட்டுவார்கள். மேலே ஒருத்திக்கு என்ன நேர்ந்தாலும், பக்கத்தில் பறந்தவள் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

குளிர்காலத்தில் மெக்கானிக்கின் வேலை நடுராத்திரியில் ஆரம்பிக்கும். எஞ்சினில் தண்ணீரையும் எண்ணெயையும் விட்டுவைத்தால் உறைந்து எஞ்சின் வெடித்துவிடும். ஆகையால் இரவில் இரண்டையும் வடித்து, விடியும் முன் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி ஊற்ற வேண்டும். எஞ்சினுக்கு மேல் மெத்தைபோல் போர்வை போட்டு அடியில் அடுப்பு வைப்போம். சின்ன மறைகளைத் திருகக் கையுறையோடு விரல் உள்ளே போகாது. கழற்றினால் மைனஸ் முப்பது டிகிரியில் விரல் இரும்போடு ஒட்டும், இழுத்தால் தோல் அங்கேயே நிற்கும். இன்றும் என் வலக்கையின் இரண்டு விரல்களுக்குச் சூடு, குளிர் தெரியாது.

விமானிகளின் பாடு வேறு விதம். ‘முதலாம் நிலைத் தயார்’ என்றால் காக்பிட்டுக்குள் வாரைக் கட்டிக்கொண்டு, பாராசூட்டின் மேல் உட்கார்ந்து, பச்சை ஒளிக்குண்டு எப்போது மேலே ஏறும் என்று பார்த்துக்கொண்டே இருப்பது. இறங்கக் கூடாது. வெயிலானால் உள்ளே வேகும், பனியானால் கால் மரக்கும். சிறுநீருக்கு ஆண்கள் ஒரு வழி பண்ணிக்கொள்வார்கள், எங்கள் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள். எங்களில் பலருக்கு மாதவிலக்கு நின்றுபோனது. போர் முடிந்தும் சிலருக்கு வரவில்லை. சிலைகளையும் தபால்தலைகளையும் பார்த்து எங்களை அறிந்தவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

என் விமானியின் பெயரை எழுதப்போவதில்லை. அவள் தம்பி வேண்டாம் என்றார். அவள் ஆலைத் தொழிலாளியின் மகள், அதிகம் பேசாதவள். விமானத்தில் ஏறும் முன் சட்டைப் பையில் உள்ள அம்மாவின் கடிதங்களை எடுத்து என்னிடம் தருவாள். அவற்றை என் கருவிப் பெட்டியின் மூடிக்குள் செருகி வைப்பேன். இறங்கியதும் முதலில் கை நீட்டுவது அதற்குத்தான். “என்ன, எங்கம்மா உங்கிட்ட ஒழுங்கா இருந்தாளா?” என்று கேட்பாள். தினமும் அதே கேள்வி.

எங்கள் வேலை சராத்தவ் நகரையும் வோல்காவின் ரயில் பாலத்தையும் காப்பது. ஸ்தாலின்கிராத் போருக்குப் போகும் சரக்கு அந்த வழியாகத்தான் போனது. 1942 செப்டம்பர் 24 இரவு வலேரியா ஹொம்யக்கோவா ஜெர்மானிய யுங்கர்ஸ்-88 ஒன்றைச் சுட்டு வீழ்த்தினாள். தேடுவிளக்கின் வெளிச்சத்தில் அது சிக்கியதையும் அவள் பாய்ந்ததையும் தரையிலிருந்து பார்த்தோம். இரவில் பகை விமானத்தை வீழ்த்திய முதல் பெண் அவள். ரசாயனப் பொறியியல் படித்தவள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அக்டோபர் 6-ம் தேதி, இருட்டில் அபாய அழைப்புக்குக் கிளம்பும்போது விமானம் விழுந்து நொறுங்கி இறந்துபோனாள். நாங்கள் அழுதோம், அடக்கம் செய்தோம். அவளுக்கு ஒரு குழி இருந்தது, அதன் மேல் பெயர் இருந்தது. அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அன்று எங்களுக்கு உறைக்கவில்லை.

அதே செப்டம்பரில் எங்கள் விமானிகளில் ஒரு பிரிவை ஸ்தாலின்கிராத்துக்கு, ஆண்களின் ரெஜிமென்ட்டுகளுக்கு அனுப்பினார்கள். லீல்யா போனாள், கத்யா புதானவாவும் போனாள். பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டு பறக்க அங்கே பலருக்கு மனமில்லை என்று கேள்விப்பட்டோம். செப்டம்பர் 13-ம் தேதியே லீல்யா பகை விமானத்தை வீழ்த்தினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு மெல்ல அடங்கியது. பல பகை விமானங்களை வீழ்த்தி ‘ஏஸ்’ என்ற கணக்கில் வரும் உலகப் போர் விமானிகளில் பெண்கள் இருவரே. லீல்யாவும் கத்யாவும்தாம் அந்த இருவர்.

1943 ஜனவரி 4-ம் தேதி ரஸ்கோவா தன் ரெஜிமென்ட்டை முன்னணிக்கு அழைத்துப் போகும் வழியில், சராத்தவ் அருகே பனிப்புயலில் விமானம் மோதி இறந்தார். முப்பது வயது. தைகாவிலிருந்தே நடந்து வந்தவர் இதிலிருந்தும் வந்துவிடுவார் என்றுதான் முதல் நாள் பேசிக்கொண்டிருந்தோம். உடல் கிடைத்தது. அஸ்தியைக் கிரெம்ளின் சுவரில் வைத்தார்கள்.

அந்த மார்ச் 19-ம் தேதியைச் சொல்லாமல் போக முடியாது. அப்போது வொரோனெஷ் பக்கம் வந்துவிட்டோம். கஸ்தோர்னயா ரயில் சந்திப்பில் படைகளும் எரிபொருளும் ஏற்றிய ரயில்கள் அடைத்துக்கொண்டு நின்றன. காவலுக்கு மேலே போனவர்கள் தமரா பமியாத்னிக், ரயீசா சுர்னாசேவ்ஸ்கயா இருவர் மட்டும். எதிரே வந்தவை நாற்பத்திரண்டு குண்டுவீச்சு விமானங்கள். வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இருவரும் அந்தக் கூட்டத்தின் நடுவே பாய்ந்தார்கள். ஆளுக்கு இரண்டாக நான்கை வீழ்த்தினார்கள். மற்றவை குண்டுகளை வெறும் வயலில் கொட்டிவிட்டுக் கலைந்தன. விமானதளத்தில் எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: எரிபொருள் தீரும் நேரம் கடந்துவிட்டது, இரண்டு விமானமும் வரவில்லை. அவர்களுடைய மெக்கானிக்குகள் ஓடுபாதை ஓரத்தில் உட்காராமல் நின்றார்கள். அப்புறம் சேதி வந்தது. தமராவின் விமானம் இறக்கை பிய்ந்து சுழன்று விழும்போது, எப்படியோ வெளியே வந்து பாராசூட்டை விரித்திருக்கிறாள். ரயீசா அடிபட்ட விமானத்தை வயலில் வயிற்றோடு இறக்கியிருக்கிறாள். இருவரும் உயிரோடு வந்தார்கள். கணக்கு தோற்ற நாள் அது. அதற்குப் பிறகு நான் எந்தக் கணக்கையும் முழுதாக நம்பவில்லை.

என் விமானி கூர்ஸ்க் போர் நடந்த அந்தக் கோடையில் போனாள். உயரத்தில் வேவு பார்த்த ஜெர்மானிய விமானம் ஒன்றைத் துரத்தி மேற்கே போனாள். கூடப் பறந்தவள் மேகத்துக்குள் அவளைத் தவறவிட்டாள். புகையும் பாராசூட்டும் எதுவும் கண்ணில் படவில்லை. நேரம் கடந்தது. இருட்டிய பிறகும் ஓடுபாதை விளக்குக்காரப் பெண் விளக்கை எடுத்துக்கொண்டு போகாமல் என்னோடு நின்றாள். காலையில் கொதிநீரும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு, விமானம் இல்லாத இடத்துக்கே நடந்து போனேன். மற்ற மெக்கானிக்குகள் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அதிகாரி ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அவளுடைய உறவினர் யாராவது வெளிநாட்டில் இருக்கிறார்களா, ஆட்சியைப் பற்றிக் குறையாக ஏதாவது பேசினாளா, மேற்கே போகும்போது டாங்கி நிறைந்திருந்ததா என்று கேட்டார். கடைசிக் கேள்வியின் பொருள் புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. அவள் சாகவில்லை, போய்விட்டாள் என்று எழுதிக்கொள்ள அந்தக் காகிதத்தில் ஓர் இடம் இருந்தது. 1941 ஆகஸ்டில் வந்த 270-ம் எண் ஆணை எல்லோருக்கும் வாசித்துக் காட்டப்பட்டது. சரணடைபவர் துரோகி. அதிகாரியாக இருந்தால் குடும்பத்தையும் கைது செய்யலாம். உடல் கிடைக்காத ஒவ்வொருவர் மீதும் அந்த ஆணையின் நிழல் விழுந்தது. இதைவிடக் கொடிய அநீதியை அந்தப் போரில் எங்கள் தரப்பு தன் மக்களுக்குச் செய்ததாக நான் நினைக்கவில்லை. செத்தவளைச் சந்தேகப்பட்டார்கள், அவளுக்காக அழுவதற்கு அம்மாவைப் பயப்படவைத்தார்கள்.

அந்த அம்மா எனக்குக் கடிதம் எழுதினார். “மகளே, நீதானே அவளைக் கடைசியாகப் பார்த்தாய், என்ன சாப்பிட்டுவிட்டுப் போனாள்?” என்று கேட்டார். பதில் எழுதினேன். அவர் திரும்பவும் எழுதினார். அவர் இறக்கும் வரை ஒவ்வொரு வருடமும் எழுதினார். ஒரு தடவைகூட ‘என் மகள் செத்துப்போனாள்’ என்று எழுதவில்லை.

கொஞ்ச நாளில் தெற்கேயிருந்தும் சேதி வந்தது. ஜூலை 19-ம் தேதி கத்யா புதானவா சண்டையில் காயம்பட்டு, விமானத்தைத் தரைக்குக் கொண்டுவந்து இறந்தாள். கிராமத்து மக்கள் அடக்கம் செய்தார்கள். ஆகஸ்டு 1-ம் தேதி மியூஸ் ஆற்றுப் பக்கம், அன்றைக்குப் பல தடவை பறந்துவிட்டு மறுபடி மேலே போன லீல்யா திரும்பவில்லை. ஜெர்மானிய விமானங்கள் துரத்த, மேகத்துக்குள் மறைந்ததைச் சக விமானி பார்த்தார். அவ்வளவுதான். இருபத்திரண்டு நிறைய அவளுக்கு இன்னும் இரண்டரை வாரம் இருந்தது. அப்பா சிறைக்குப் போனவர், மகளின் உடல் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொண்டார்கள். வீரர் பட்டம் கோரிய காகிதங்கள் அப்படியே கிடந்தன.

எங்கள் ரெஜிமென்ட் நாலாயிரத்துக்கும் மேல் பறந்து, முப்பத்தெட்டு பகை விமானங்களை வீழ்த்தி, ஹங்கேரி வரை போனது. 1945-ல் எங்களைக் கலைத்தார்கள். செய்த சேவையைப் பற்றி வெளியே பெருமை பேசாதீர்கள் என்று பெரிய இடத்து மனிதர் ஒருவர் பெண்களுக்குப் புத்தி சொன்னார். நாங்களும் பேசவில்லை. போர்முனைக்குப் போய்வந்தவள் என்றாலே ஒரு மாதிரி பார்த்த காலம். பதக்கங்களைத் துணியில் முடிந்து வைத்தவர்கள் பலர்.

லீல்யாவை விடாமல் தேடியவள் அவளுடைய மெக்கானிக் இன்னா பஸ்பார்த்னிகவா. எங்கெல்ஸில் என்னோடு குளிரில் நின்றவர்களில் ஒருத்தி. கிராஸ்னி லுச் ஊரின் ஆசிரியை ஒருவரும் பள்ளிப் பிள்ளைகளும் வயல் வயலாகத் தேடினார்கள், கிராமத்துக் கிழவிகளிடம் கேட்டார்கள். இன்னாவும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். வழியில் வேறு பல விமானங்களின் சிதைவுகளைத் தோண்டி எடுத்தார்கள். அவற்றில் இருந்தவர்களுக்குப் பெயர் கிடைத்தது. திமீத்ரியெவ்கா கிராமத்துப் பொதுக் கல்லறையில் பெண் விமானி ஒருத்தியின் எலும்பு புதைக்கப்பட்டிருப்பதை 1979-ல் கண்டுபிடித்தார்கள். லீல்யா என்று முடிவு செய்தார்கள். எண்பதுகளின் கடைசியில் ஆவணத்தில் ‘காணாமல் போனவர்’ என்பதை எடுத்துவிட்டுப் போரில் இறந்தவர் என்று எழுதினார்கள். 1990 மே மாதம் சோவியத் வீரர் பட்டம் தந்தார்கள். கத்யாவுக்கு 1993 அக்டோபரில் கிடைத்தது. அதற்குள் பட்டத்தின் பெயரில் இருந்த நாடே இல்லை. ரஷ்யக் கூட்டமைப்பின் வீரர் என்று கொடுத்தார்கள்.

என் விமானி இன்னும் காணாமல் போனவள்தான். வொரோனெஷுக்கும் கூர்ஸ்குக்கும் மேற்கே உழுகிறவர்களுக்கும் கிணறு வெட்டுகிறவர்களுக்கும் நான் கேட்பது ஒன்றுதான். மண்ணுக்குள் எஞ்சின் அகப்பட்டால் பழைய இரும்புக்கு எடை போட்டுவிடாதீர்கள். களிமண்ணைக் கழுவிவிட்டு உலோகத்தில் பொறித்த எண்ணைப் படியுங்கள், படித்து ஊர் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள். எஞ்சின்களின் எண்களை ராணுவப் பதிவேடுகளில் எழுதி வைத்தார்கள். அந்த எண்ணிலிருந்து விமானியின் பெயரைக் கண்டுபிடிக்க முடியும்.